நிமிர்ந்து நிற்கட்டும் நம் பெண்மக்கள்

நம் தென்பாண்டிச் சீமையில் ஒரு பெண்பிள்ளை பூப்பெய்திவிட்டால் வீடு விழாக்கோலம் பூணுகிறது. தாய்மாமன் சீர் கொண்டு வருகிறார். ஆச்சி உளுந்தங்களி கிண்டி, நல்லெண்ணெயும் கருப்பட்டியும் சேர்த்து, ‘இடுப்புக்குப் பலம்’ என்று சொல்லி ஊட்டுகிறாள். நம் கிறிஸ்தவக் குடும்பங்கள் பலவற்றிலும் இவ்வழக்கம் உண்டு. பங்குத்தந்தையை அழைத்துச் செபம் சொல்லி விருந்தும் வைக்கிறோம். இதில் தவறொன்றும் இல்லை. ஆனால் பந்தல் பிரிக்கப்பட்ட பின்னர், அப்பிள்ளையின் உடலில் நடப்பவற்றைப் பற்றி வாய் திறப்பார் எவருமில்லை. மாதந்தோறும் அவள் சுருண்டு படுக்கிறாள். ‘பெண்ணாய்ப் பிறந்தால் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்’ என்கிறோம். அவளது ஒரு தோள் தாழ்ந்து காண்கிறது. ‘புத்தகப் பையை ஒரே தோளில் மாட்டியதால் வந்தது’ என்கிறோம். அத்தோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

இயன்முறை மருத்துவம் என் தொழில். பிசியோதெரபி என்றால் எளிதில் விளங்கும். கன்னியர் நடத்தும் சிறிய மருத்துவமனை ஒன்றில் 26 ஆண்டுகளாகப் பணி செய்து வருகிறேன். பக்கவாதத்தால் வீழ்ந்த பெரியவர்களும் மூட்டுவலியால் வருந்தும் பாட்டிமாருமே என்னிடம் வருவோரில் மிகுதி. எனினும் என் மனத்தில் நிலைத்து நிற்பவர்கள், தாயின் பின்னால் ஒளிந்தபடி உள்ளே வரும் பன்னிரண்டு, பதினான்கு வயதுப் பெண்பிள்ளைகளே. அவர்களுள் பலருக்கு இரு துன்பங்கள் சேர்ந்திருக்கும். முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருக்கும். மாதவிலக்கு நாள்களில் வயிறும் இடுப்பும் கடுமையாக வலிக்கும். இவற்றுக்குக் கைச்சிகிச்சை என்ன செய்யும், என்ன செய்யாது என்பதை நம் தாய்மார் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும். அதைவிட மேலாக, மறைத்து வைப்பதால் விளையும் கேட்டினையும் உணர வேண்டும். நோயால் வரும் கேட்டைவிட மறைப்பதால் வரும் கேடு பெரிதாவதை நான் கண்கூடாகக் கண்டிருக்கிறேன்.

எவர் செய்த குற்றமும் அன்று

பின்னாலிருந்து பார்க்கையில் முதுகெலும்பு நேர்கோடாகத் தோன்ற வேண்டும். சிலருக்கு அது பக்கவாட்டில் வில்போல வளைகிறது. வளைவதோடு எலும்புகள் சற்றே திருகியும் கொள்கின்றன. இதனையே ஸ்கோலியோசிஸ் என்கிறார்கள். எக்ஸ்ரே படத்தில் வளைவு 10 பாகையேனும் இருந்தால்தான் அப்பெயர் பொருந்தும். அப்பாகையை அளக்கும் முறையை 1948-ஆம் ஆண்டில் வகுத்துத் தந்தவர் ஜான் காப் என்னும் அமெரிக்க மருத்துவர். வளரிளம் பருவத்தினரில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு இவ்வளைவு காணப்படுகிறது. சிறு வளைவு ஆண், பெண் இருபாலாரிடமும் ஏறத்தாழச் சமமாகவே உள்ளது. ஆனால் சிகிச்சை தேவைப்படும் அளவுக்கு அது வளர்வது பெரும்பாலும் பெண்பிள்ளைகளிடமே.

பத்தில் எட்டுப் பேருக்கு இது ஏன் வருகிறது என்று கண்டறியப்படவில்லை. பரம்பரைக்கு இதில் பங்குண்டு. புத்தகப் பையோ, கூனி உட்கார்ந்து படிப்பதோ, கருவுற்றிருந்தபோது தாய் குடம் சுமந்ததோ இதற்குக் காரணமல்ல. எந்தப் பாவத்துக்கும் இது தண்டனையும் அன்று. பிறவியிலேயே பார்வையற்றவனைக் காட்டி, இதற்குக் காரணம் யாருடைய பாவம் என்று சீடர்கள் வினவியபோது, அவனுமல்ல, அவன் பெற்றோருமல்லர் என்று ஆண்டவர் இயேசு விடை பகர்ந்ததை நாம் அறிவோம். அந்த விடை நம் வீடுகளுக்கும் பொருந்தும்.

இங்கே தாய்மார் மனத்தில் இருத்த வேண்டிய செய்தி ஒன்றுண்டு. பூப்பெய்துவதற்குச் சற்று முன்பும் பின்பும் பிள்ளை விரைந்து உயர்கிறாள். பூப்பெய்திய பின்னரும் ஏறத்தாழ இரண்டு ஆண்டு வளர்ச்சி மிச்சமிருக்கிறது. முதுகு வளைவு விரைந்து கூடுவதும் இக்காலத்திலேதான். ஆகவே, நாம் விழா எடுக்கும் அந்த ஆண்டே அவளுடைய முதுகைப் பார்க்க வேண்டிய ஆண்டாகும். அதற்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை. வில்லியம் ஆடம்ஸ் என்னும் ஆங்கிலேய அறுவை மருத்துவர் 1865-இல் எடுத்துரைத்த எளிய சோதனை போதும். பிள்ளை கால்களைச் சேர்த்து நின்று, முழங்காலை மடக்காமல், இரு உள்ளங்கைகளையும் சேர்த்தபடி முன்னே குனிய வேண்டும். தாய் பின்னால் நின்று பார்க்க வேண்டும். முதுகின் ஒரு பக்கம் மேடாக எழுந்தால் எலும்பு மருத்துவரிடம் காட்ட வேண்டும். இதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

தையற்காரர் கண்ட குறை

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு சிற்றூர்ப் பங்கிலிருந்து பதின்மூன்று வயதுப் பிள்ளை ஒருத்தியைத் தாய் அழைத்து வந்தார். உறுதிப்பூசுதல் பெறுவதற்காக அவளுக்கு வெள்ளை உடை தைக்கக் கொடுத்திருந்தார்கள். இருமுறை பிரித்துத் தைத்தும் உடை ஒரு பக்கம் ஏறியே நின்றது. தையற்காரர், ‘துணியில் குறையில்லை அம்மா, பிள்ளைக்கு வலத்தோள் உயர்ந்திருக்கிறது. ஆசுபத்திரியில் காட்டுங்கள்’ என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். வீட்டில் எவரும் காணாததை அந்த நல்ல மனிதர் கண்டார்.

பிள்ளை பூப்பெய்தி மூன்று மாதமே ஆகியிருந்தது. குனியச் சொன்னேன், முதுகின் வலப்பக்கம் மேடாக எழுந்தது. எலும்பு மருத்துவரிடம் அனுப்பினேன். படத்தில் 26 பாகை வளைவு. வளர்ச்சி மிச்சமிருந்தபடியால், பிரேஸ் எனப்படும் பிளாஸ்டிக் கவசத்தை நாள்தோறும் 18 மணி நேரம் அணிய வேண்டும் என்று மருத்துவர் கூறினார்.

இரண்டு நாள் கழித்துத் தாய் என்னிடம் மீண்டும் வந்தார், இம்முறை தனியாக. ‘அக்கா, அந்தக் கவசத்தைப் போட்டுக்கொண்டு இவள் பள்ளிக்கூடம் போனால் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். நாளைக்கு இவளை யார் கட்டுவார்கள்? நீங்களே தினமும் கையால் நீவி நேராக்கிவிடுங்கள். இருட்டின பிறகு வேண்டுமானாலும் அழைத்து வருகிறேன்’ என்று கண்ணீர் விட்டார்.

அந்தக் கண்ணீர் பொய்யன்று. தம் மகளின் வாழ்வை எண்ணியே அவர் அழுதார். ஆனால் அவர் கேட்டதை எந்தக் கையாலும் செய்ய இயலாது. வலியைக் குறைக்க என்னாலான உதவியைச் செய்வேன், வளைவைத் தடுப்பதற்குக் கவசம் கட்டாயம் வேண்டும் என்று இரண்டையும் பிரித்துச் சொன்னேன். அவர் வருத்தத்தோடு எழுந்து போனார். பிறகு நான்கு மாதம் வரவேயில்லை. எண்ணெய் தேய்த்து நீவும் ஒருவரிடம், இருட்டிய பின்னர் பிள்ளையை அழைத்துப் போய் வந்தார்கள் என்று பின்னால் அறிந்தேன்.

கடைசியில் அப்பிள்ளையை என்னிடம் கைப்பிடியாக அழைத்து வந்தவர் அவளுடைய ஆச்சி. எழுபது வயதைக் கடந்தவர். அவர் சொன்னதை ஏறத்தாழ அவர் வாய்ச்சொல்லாகவே தருகிறேன். ‘மகளே, என் தங்கச்சிக்கும் முதுகு இப்படித்தான் இருந்தது. பெண் பார்க்க வருகிறவர்கள் கண்ணில் பட்டால் எனக்கு வரன் அமையாது என்று அவளைப் பின்கட்டு அறையிலேயே வைத்திருந்தார்கள். கோயில் திருவிழாவுக்குக்கூட அவளை அழைத்துப் போனதில்லை. அந்த அறையிலேயே நாற்பது வயதில் கண்ணை மூடினாள். இந்தப் பிள்ளையையும் அப்படி வைக்க நான் விடமாட்டேன்.’

ஆச்சியின் சொற்களைக் கேட்டபோது என் நினைவுக்கு வந்தவர் புனித மார்கரெட். இத்தாலியில் 1287-இல் உயர்குடியில் பிறந்தவர் அவர். கண் பார்வையில்லை, வளர்ச்சியில்லை, முதுகும் கோணியிருந்தது. அவமானம் என்று கருதிய பெற்றோர், ஆறு வயதளவில் அவரை ஒரு சிற்றாலயத்தை ஒட்டிய அறையில் அடைத்து வைத்தனர். பின்னர், புதுமையால் குணம் கிடைக்கும் என்று நம்பிச் சித்தா தி காஸ்தெல்லோ என்னும் நகருக்கு அழைத்துச் சென்று, குணம் கிடைக்காமற்போகவே அங்கேயே விட்டுச் சென்றனர். அந்நகரத்து ஏழைகளே அவரை ஏற்று வளர்த்தார்கள். அவர் புனித சாமிநாதரின் மூன்றாம் சபையில் சேர்ந்து, நோயாளிகளுக்கும் சிறைப்பட்டோருக்கும் தொண்டு செய்து 1320-இல் இறைவனடி சேர்ந்தார். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2021 ஏப்ரல் 24 அன்று அவரைப் புனிதையாகத் திருச்சபைக்கு அறிவித்தார். பெற்றோர் மறைத்து வைத்த மகளைத் திருச்சபை பீடத்தில் ஏற்றியிருக்கிறது. நம் ஊர்ப் பின்கட்டு அறைகளை நாம் திறக்க இதைவிட வேறு சான்று வேண்டுமா?

இரண்டாவது எடுத்த படத்தில் அப்பிள்ளைக்கு 31 பாகை. நான்கு மாதத்தில் ஐந்து பாகை கூடிவிட்டது. உடனே கவசம் செய்யப்பட்டது. நம் ஊர் வெயிலில் அதை அணிவது எளிதன்று. உள்ளே பருத்திப் பனியன் அணிந்து, வியர்வையில் நனையும்போதெல்லாம் மாற்ற வேண்டும். வகுப்பில் சிலர் கேலி செய்தார்கள். ஆச்சியே பள்ளிக்குச் சென்று தலைமைச் சகோதரியிடம் பேசினார். அதே தையற்காரர் கவசத்தின்மேல் பொருந்துமாறு சீருடை தைத்துக் கொடுத்தார். இரண்டரை ஆண்டு கழித்து வளர்ச்சி நின்றபோது வளைவு 33 பாகை. அது நேராகிவிடவில்லை, ஆனால் நின்றுவிட்டது. அறுவை சிகிச்சை தேவைப்படவில்லை. இன்று அவள் ஆசிரியப் பயிற்சியில் இருக்கிறாள்.

கைகள் செய்யும் உதவி

கையால் நேராக்க முடியாதென்றால் உம்மிடம் எதற்கு வர வேண்டும் என்று சிலர் கேட்பதுண்டு. நியாயமான கேள்வியே.

வளைந்த முதுகில் ஒரு பக்கத்துத் தசைகள் இழுபட்டு நாணைப்போல் விறைத்திருக்கும். மறுபக்கத்துத் தசைகள் சுருங்கிக் கிடக்கும். பள்ளியில் ஏழெட்டு மணி நேரம் உட்கார்ந்து எழுந்தால் இடுப்பில் ஒரு பக்கம் கனத்து வலிக்கும். மாதவிலக்கு நாள்களில் இவ்வலியும் வயிற்றுவலியும் சேர்ந்துகொள்ளும். அத்தகைய பிள்ளையை ஒருக்களித்துப் படுக்கச் செய்து, முழங்கால்களின் நடுவே தலையணை வைத்து, இளஞ்சூடான துவாலையைக் கால் மணி நேரம் இடுப்பில் வைக்கிறேன். பின்பு கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் இடையேயுள்ள தசையை உள்ளங்கையால் மெதுவாக நீவி, இறுகிய இடங்களில் கட்டைவிரலால் அழுத்தித் தளர்த்துகிறேன். தொடையின் முன்புறத் தசையை நீட்டிக் கொடுக்கிறேன். அவள் மூச்சை வெளிவிடும்போது இடுப்பின் கீழ் எலும்பின்மேல் கையை வைத்து இலேசாக அழுத்துகிறேன். பெரும்பாலும் முகத்தின் சுளிப்பு மாறுவதைக் காணலாம். அன்றிரவு தூக்கம் வரும். இரண்டொரு நாள் நீடிக்கும் ஆறுதல் இது. சிறிது என்றாலும், வலியில் கிடப்பவளுக்கு அது சிறிதன்று.

அதன்பின் அவளையே முழந்தாளிடச் செய்து, நெற்றி தரையில் படும்படி குனிந்து, கைகளை ஒரு பக்கமாக நீட்டச் சொல்கிறேன். முதுகில் குழிந்த பக்கத்தில் என் கையை வைத்து, ‘இங்கே மூச்சை அனுப்பு’ என்கிறேன். கை இங்கே வழிகாட்டும் பலகை மட்டுமே. உழைப்பு அவளுடையது.

இம்மூச்சுப் பயிற்சியை உலகுக்குத் தந்தவரும் முதுகு வளைந்த ஒரு பெண்ணே என்பது நம் பிள்ளைகள் அறிய வேண்டிய வரலாறு. காத்தரினா ஷ்ரோத் 1894-இல் செருமனியின் திரெஸ்டன் நகரில் பிறந்தவர். பதினாறு வயதில் அவருக்கு எஃகுக் கவசம் அணிவிக்கப்பட்டது. குழி விழுந்த பந்தைக் காற்றடைத்து நிமிர்த்துவதுபோல், முதுகின் குழிந்த பக்கத்தை மூச்சினால் நிரப்பினால் என்னவென்று அவர் எண்ணினார். கண்ணாடியின் முன் நின்று தம் உடலைத் தாமே கவனித்துப் பயின்றார். 1921-இல் மைசன் நகரில் சிறிய பயிற்சி நிலையம் தொடங்கினார். பின்னர் தம் மகளோடு சேர்ந்து அம்முறையை வளர்த்து, 1985-இல் மறைந்தார். அவர் பெயரால் வழங்கும் அப்பயிற்சி இன்று பல நாடுகளிலும் கற்பிக்கப்படுகிறது. நோயுற்றவள் தன் உடலைத் தானே அறிந்துகொள்வதும் ஒரு மருத்துவம் என்பதற்கு அவர் வாழ்க்கை சான்று.

தொடுவதைப் பற்றியும் ஒரு சொல். வளரும் பெண்ணின் உடலைத் தொடும் உரிமை எவருக்கும் தானாக வந்துவிடுவதில்லை, மருத்துவருக்கும் அப்படியே. சிகிச்சை செய்பவர் பெண்ணாக இருப்பது நலம். தாயோ தமக்கையோ அறையில் இருக்க வேண்டும். எந்த இடத்தைத் தொடப் போகிறோம், எதற்காக என்று முன்கூட்டிச் சொல்லி, அவள் சம்மதித்த பின்னரே தொட வேண்டும். போதும் என்றால் அக்கணமே நிறுத்த வேண்டும். பதினெட்டு ஆண்டு கூனிக் கிடந்த பெண்மேல் ஆண்டவர் கைவைத்ததைப் புனித லூக்கா கூறுகிறார். அவர் முதலில் அவளைப் பார்த்தார், பின்பு அழைத்தார், பலர் கூடியிருந்த தொழுகைக்கூடத்தில், எல்லோர் முன்னிலையிலும் தொட்டார். இருட்டிய பிறகு, தனியறையில், தாயை வெளியே நிறுத்திவிட்டுச் சிகிச்சை செய்வேன் என்பவரிடம் பிள்ளையை அனுப்பாதீர்கள்.

கைகளால் ஆகாதவை

பத்தொன்பது வயதுக் கல்லூரி மாணவி ஒருத்தி என்னிடம் வந்தாள். 36 பாகை வளைவு. முதுகை நெட்டி முறித்து நேராக்குவதாக வாக்களித்த ஒருவரிடம் பதினொரு முறை போயிருக்கிறாள். ஒவ்வொரு முறையும் ‘பாதி வந்துவிட்டது’ என்றாராம் அவர். படம் எடுத்துப் பார்த்தபோது வளைவு முன்பிருந்தவாறே இருந்தது. ‘மாதவலியும் இந்த வளைவினால்தான், இது சரியானால் அதுவும் போய்விடும்’ என்றும் அவர் சொல்லியிருந்தார். அதை நம்பி அவள் வேறெந்த மருத்துவரிடமும் காட்டவில்லை.

இத்தகையவர்களின் புகழ் எப்படிப் பரவுகிறது என்பதை விளக்க ஓர் ஆராய்ச்சியைச் சுட்டலாம். அமெரிக்காவிலும் கனடாவிலும் 25 மருத்துவமனைகள் சேர்ந்து கவசத்தின் பயனை ஆராய்ந்து 2013-இல் முடிவை வெளியிட்டன. வளரும் பருவத்தில், நடுத்தர வளைவுடையவர்களுள் கவசம் அணிந்தோரில் நூற்றுக்கு 72 பேருக்கு வளைவு 50 பாகையை எட்டாமல் வளர்ச்சி முடிந்தது. அணியாதவர்களில் 48 பேருக்கே அவ்வாறு முடிந்தது. அதிக மணி நேரம் அணிந்தவர்களுக்குப் பயனும் அதிகமாக இருந்தது. கவசத்தின் பயன் இதனால் விளங்குகிறது. இன்னொன்றும் விளங்குகிறது: எச்சிகிச்சையும் இல்லாமலே ஏறத்தாழப் பாதிப் பேருக்கு வளைவு அந்த எல்லையைத் தாண்டுவதில்லை. அந்தப் பாதிப் பேர் யாரிடம் போயிருந்தாலும், அவர் ‘என் கைராசி’ என்று சொல்லிக்கொள்வார். மீதிப் பாதிப் பேரோ காலத்தை இழந்து நிற்பார்கள்.

மாதவலிக்கு முதுகை நெட்டி எடுக்கும் சிகிச்சையும் சோதிக்கப்பட்டதுண்டு. அமெரிக்காவில் 138 பெண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு அச்சிகிச்சையையும், மறு பிரிவினருக்கு அதுபோலத் தோன்றும் இலேசான அசைவையும் செய்து பார்த்தனர். 1999-இல் வெளியான முடிவில் இரு பிரிவினருக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆகவே நெட்டி முறிப்பதற்குப் பணமும் நம்பிக்கையும் கொடுக்க வேண்டியதில்லை.

அம்மாணவியைப் பற்றிச் சொல்ல வந்தேன். அவளுக்கு மாதவிலக்கு நாள்களில் மட்டுமல்லாமல் இடைப்பட்ட நாள்களிலும் அடிவயிறு வலித்தது, மலம் கழிக்கையிலும் வலித்தது, மாத்திரைக்கும் அடங்கவில்லை. இது தசைவலியன்று என்று கண்டு, முதல் நாளிலேயே அவளைப் பெண்கள் நல மருத்துவரிடம் அனுப்பினேன். கருப்பையின் உட்சவ்வைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்ந்திருப்பது தெரியவந்தது. எண்டோமெட்ரியோசிஸ் என்பது அதன் பெயர். குழந்தை பெறும் வயதுப் பெண்களில் பத்தில் ஒருவருக்கு அது உண்டு என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ஆண்டுக்கணக்கில் ‘வெறும் வயிற்றுவலி’ என்று தள்ளப்பட்ட பின்னரே பலருக்கு அது கண்டுபிடிக்கப்படுகிறது. வலியைத் தணிக்கும் கையே வலியின் காரணத்தை மூடிவிடவும் கூடும் என்பதை நினைவில் வையுங்கள்.

மாதவலியை ஏன் பொறுக்க வேண்டும்?

பெரும்பாலான பெண்பிள்ளைகளுக்கு வருவது நோயினால் வரும் வலியன்று. மாதவிலக்கின்போது கருப்பையின் உட்சவ்வில் புராஸ்டாகிளாண்டின் என்னும் பொருள் சுரக்கிறது. அது மிகுந்தால் கருப்பை இறுக்கமாகச் சுருங்கி, அதற்குச் செல்லும் இரத்தம் குறைந்து, வலி எடுக்கிறது. சில வலிநிவாரணி மாத்திரைகள் அப்பொருள் சுரப்பதையே தடுக்கின்றன. அவற்றின் செயல்முறையை 1971-இல் வெளிப்படுத்திய ஆங்கிலேய அறிஞர் ஜான் வேன், சுவீடன் நாட்டு அறிஞர் இருவரோடு 1982-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இம்மாத்திரைகளை மருத்துவரின் ஆலோசனைப்படி, வலி தொடங்கும்போதே, உணவுக்குப் பின் எடுத்துக்கொள்வதில் பாவமும் இல்லை, பயமும் வேண்டியதில்லை. ‘மாத்திரை சாப்பிட்டால் பிள்ளை பிறக்காது’ என்னும் பேச்சு நம் ஊர்களில் உலவுகிறது. அளவோடு உண்ணும் மாத்திரையால் மலட்டுத்தன்மை வருவதில்லை. அடிவயிற்றில் வெந்நீர்ப்பை வைப்பதும், நாள்தோறும் நடப்பதும் உடற்பயிற்சி செய்வதும் உதவும்.

முதுகு வளைவுதான் கருப்பை வலிக்குக் காரணம் என்று மருத்துவ நூல்கள் கூறவில்லை. பின் ஏன் இரண்டும் ஒன்றுபோல் தோன்றுகின்றன? கருப்பையின் வலியைச் சுமந்து செல்லும் நரம்புகள் கீழ்முதுகின் மேற்பகுதியில், கடைசி விலா எலும்புகளை ஒட்டிய இடத்தில் தண்டுவடத்தைச் சேர்கின்றன. அப்பகுதித் தசைகளின் நரம்புகளும் அங்கேயே சேர்கின்றன. ஒரே வாசலில் இருவர் நின்று தட்டுவதைப்போல, எது எவர் குரல் என்று மூளையால் பிரித்தறிய இயலுவதில்லை. அதனால்தான் கருப்பை வலி இடுப்பிலும் தொடையிலும் தோன்றுகிறது. களைத்த முதுகுத்தசை அதைக் கூட்டுகிறது. முதுகுக்கு ஆறுதல் கிடைத்தால் மாதவலியும் சற்றுத் தணிந்ததாகப் பிள்ளைகள் சொல்வது இதனால் இருக்கலாம்.

திருமணம் என்னும் அச்சம்

எல்லா மறைப்புக்கும் அடியில் இருப்பது இவ்வச்சமே. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், எச்சிகிச்சையும் பெறாத 117 ஸ்கோலியோசிஸ் நோயாளரை ஏறத்தாழ ஐம்பது ஆண்டு கவனித்து 2003-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றுண்டு. அவர்களில் நூற்றுக்கு 61 பேருக்கு நீடித்த முதுகுவலி இருந்தது. மற்றவர்களில் 35 பேருக்கு இருந்தது. இதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவர்களில் பெரும்பாலோர் மற்றவர்களைப்போலவே வேலை செய்து, குடும்பம் நடத்தி வாழ்ந்திருக்கிறார்கள். வளைவு உடையவள் பொதுவாகக் கருவுறவும் குழந்தை பெறவும் தடையில்லை.

ஆகவே வரன் பேசும்போது உண்மையைச் சொல்லுங்கள். சொன்னதால் விலகிப் போகிறவர், சொல்லாமல் கட்டிவைத்திருந்தால் அவளை என்ன பாடுபடுத்தியிருப்பார் என்று எண்ணிப் பாருங்கள். பொய்யின்மேல் கட்டிய மணவாழ்வை அருளடையாளம் என்று எப்படிச் சொல்வது? மகன்களைப் பெற்ற தாய்மாருக்கும் இதில் பொறுப்புண்டு. பெண் பார்க்கப் போகிற வீட்டில் தோளையும் இடுப்பையும் அளக்கும் கண்கள் நம்முடையவையே அல்லவா?

நாம் செய்ய வேண்டியவை

பத்து வயது முதல் பதினைந்து வயது வரை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மகளின் முதுகைக் குனியச் செய்து பாருங்கள். தோள்பட்டை எலும்பு ஒன்று துருத்தி நின்றாலும், இடுப்பு ஒரு பக்கம் ஒடுங்கியிருந்தாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். கால் மரத்துப்போதல், நடை தடுமாறுதல், சிறுநீரை அடக்க முடியாமை, இரவில் விழிக்க வைக்கும் முதுகுவலி ஆகியவை இருந்தால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். மாதவலி பள்ளிக்கோ வேலைக்கோ போகவிடாமல் தடுத்தால், மாத்திரைக்கு அடங்காவிட்டால், இரத்தப்போக்கு மிகுந்தால் பெண்கள் நல மருத்துவரை நாடுங்கள். மணமாகாத பெண்ணை அங்கே அழைத்துப் போவது இழுக்கு என்று எண்ணாதீர்கள்.

நம் பங்குகளும் இதில் துணை நிற்கலாம். செப்டம்பர் 8, அன்னை மரியாளின் பிறப்பு விழா. அந்த வாரத்தில் பங்கிலுள்ள செவிலியரும் பெண் ஆசிரியைகளும் சேர்ந்து, மறைக்கல்வி வகுப்புப் பெண்பிள்ளைகளின் முதுகைத் தாய்மாரின் முன்னிலையில் பார்க்கலாம். செலவில்லாத பணி அது. தையற்காரர் ஒருவர் தற்செயலாகக் கண்டதை நாம் திட்டமிட்டுக் காணலாம்.

யாயீரின் மகளுக்கு வயது பன்னிரண்டு என்று புனித மாற்கு குறித்திருக்கிறார். நம் பிள்ளைகள் பூப்பெய்தும் வயது. ஆண்டவர் அவளுடைய தாயையும் தந்தையையும் உடன் அழைத்துக்கொண்டே அறைக்குள் சென்றார். கையைப் பிடித்து எழுப்பினார். எழுந்தவளுக்கு உண்ணக் கொடுக்கும்படியும் சொன்னார். எழுப்பும் புதுமையை அவர் செய்தார். உணவு கொடுக்கும் வேலையைப் பெற்றோரிடம் விட்டார். நம்மிடம் விடப்பட்டிருக்கும் வேலையும் அத்தகையதே: பிள்ளை ‘வலிக்கிறது’ என்றால் நம்புவதும், அவள் முதுகை ஒருமுறை பார்ப்பதும், பகல் வெளிச்சத்தில் அவளை மருத்துவரிடம் அழைத்துப் போவதும்.